ராஜாம்பாள் வீட்டுப் பசு

புதுச்சேரி
14-3-1955

உழவர்கரை செல்வாம்பாள் அம்மாளுக்கு,

சம்பந்தி என்று எழுதக் கை வரவில்லை. அதனால் பேரைப் போட்டே எழுதுகிறேன்.

எங்கள் பசு சிங்காரி மாசி மாதம் செத்துப்போனது உங்களுக்குத் தெரியும். தெரியாமல் என்ன, உங்கள் மகள் சந்திரகலா அன்றைக்கே பெட்டியைத் தூக்கிக்கொண்டு உங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாளே. ஒன்பது வருஷம் என் கையால் தண்ணீர் காட்டிய மாடு. மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, என் பழைய பட்டுப்புடவையைப் போர்த்தி அனுப்பினேன். தோலை உரிக்கக் கூடாது, மூலக்குளத்தில் இருக்கும் எங்கள் தோப்பில் ஆழமாகக் குழி வெட்டிப் புதைக்க வேண்டும் என்று வண்டி கொண்டுவந்த அம்மாவாசையிடம் படித்துப் படித்துச் சொன்னேன்.

நேற்று தோப்புக்குப் போனால் குழியே இல்லை. அம்மாவாசையைக் கூப்பிட்டுக் கேட்டால் தலையைச் சொறிகிறான். "உழவர்கரை அம்மா கேட்டாங்க, அங்கேயே எறக்கிட்டேன்" என்கிறான்.

அணில், பெருச்சாளி, செத்த பூனை என்று கண்டதையும் பானையில் போட்டுப் புதைத்து, அழுகவிட்டு, எலும்பெடுத்துப் பள்ளிக்கூடத்துக்குக் கொடுக்கிறவர் நீங்கள். இது ஊருக்கே தெரியும். பெண் பார்க்க வந்த அன்றைக்குக் கொல்லைப் பக்கமிருந்து காற்றடித்ததே, அப்போதே நான் எழுந்து போயிருக்க வேண்டும். என் மகன் பாலகுரு இந்தப் பெண்தான் வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றான். என் புத்தியைச் சொல்ல வேண்டும்.

மாடு எந்த நிலையில் இருந்தாலும் திருப்பி அனுப்புங்கள். அது எங்கள் வீட்டு லட்சுமி. உங்கள் பானைக்குள் போகிற ஜந்து இல்லை.

ராஜாம்பாள்


உழவர்கரை
19-3-1955

சம்பந்தி அம்மாளுக்கு,

எனக்குக் கை வருது. எம்மவ கழுத்துல உங்க மகன் கட்டின தாலி இன்னும் கிடக்குது. அதனால நீங்க சம்பந்திதான், உங்களுக்குப் பிடிச்சாலும் பிடிக்காட்டியும்.

சிங்காரி என்கிட்டதான் இருக்குது. கொல்லையில, புளியமரத்துக்குத் தெற்கால, இடுப்பளவு குழியில. அம்மாவாசை அண்ணனைத் திட்டாதீங்க. வண்டியை மறிச்சது நான். உங்க பட்டுப்புடவையை மடிச்சு வச்சிருக்கேன், ஆளனுப்பி வாங்கிக்குங்க.

மாட்டைக் குடுக்க மாட்டேன். ஏன்னு சொல்றேன், உக்காந்து படிங்க.

மாடு செத்த அன்னைக்கு, வெள்ளிக்கிழமை காலையில, உங்க தெருக் குழாயடியில பதினாலு பொம்பளைங்க குடத்தோட நின்னாங்க. எம்மவ எண்ணியிருக்கா. அத்தனை பேரும் கேட்க நீங்க என்ன சொன்னீங்க? "பொணம் அழுகுற வூட்ல பொண்ணு எடுத்தேன். வந்து ஒரு மாசம் ஆவல, தவிட்டுல அரளிவிதையை அரைச்சு வச்சு என் மாட்டைக் கொன்னுட்டா." எம்மவ உங்க முதுகுக்குப் பின்னால இடுப்புல குடத்தோட நின்னுக்கிட்டிருந்தா. நீங்க திரும்பிப் பார்த்தீங்களாம். பார்த்துட்டும் நிறுத்தலயாம்.

அரளி வச்சவன்னு பேர் எடுத்தவ கையால இனிமே யாரு ஒரு வாய் தண்ணி வாங்கிக் குடிப்பாங்க? இங்க பக்கத்து வீட்டுக்காரி நேத்து மோர் கேட்டு வந்தா. சந்திரகலா மொண்டு குடுத்ததும் "நீயே வச்சிக்கம்மா, வயிறு சரியில்ல"ன்னு போயிட்டா. புதுச்சேரியில நீங்க துப்பினது உழவர்கரை வரைக்கும் தெறிச்சிருக்குது.

அதனால நான் ஒண்ணு செய்யப் போறேன். சிங்காரியை எலும்பாக்கி, ஒரு எலும்பு விடாமக் கோத்து, பள்ளிக்கூடத்துல நிறுத்தப் போறேன். பஞ்சநாதன் வாத்தியார் பாடம் நடத்தறதுக்கு ஒரு மாடு வேணும்னு ரெண்டு வருஷமாக் கேட்டுக்கிட்டிருக்காரு. அடியில பலகை வச்சு "ராஜாம்பாள் வீட்டுப் பசு"ன்னு எழுதுவேன். வருஷா வருஷம் புதுப் பிள்ளைங்க வந்து விலா எலும்பை எண்ணும், உங்க பேரைப் படிக்கும், அது எப்படிச் செத்துதுன்னு கேக்கும். யாராவது கதையைச் சொல்லுவாங்க.

வேணாம்னா ஒரே வழி. அதே குழாயடி, அதே காலை நேரம். "என் மருமவ மேல அபாண்டமாச் சொன்னேன்"னு உங்க வாயால சொல்லணும்.

எட்டு மாசம் இருக்குது. நான் கத்தி வைக்கிறவ இல்ல. மண்ணும் புழுவும் செய்யற வேலை இது. அதுங்களுக்கு அவசரம் கிடையாது. எனக்கும் கிடையாது.

செல்வாம்பாள்


புதுச்சேரி
2-4-1955

செல்வாம்பாள் அம்மாளுக்கு,

என் மாட்டைத் திருடி வைத்துக்கொண்டு என்னையே மிரட்டுகிறீர்கள். நாங்கள் நாதியற்றவர்கள் இல்லை. என் வீட்டுக்காரர் இருபத்திரண்டு வருஷமாகத் திராவோ பிப்ளிக்கில், அதாவது மராமத்து இலாகாவில், மேஸ்திரி. இந்த ஊரில் பாதி ரோடு அவர் நின்று போட்டது. பிரெஞ்சுக் கொடி இறங்கி நம் கொடி ஏறிய பிறகும் அவர் மேஸ்திரிதான். போலீஸ் கொம்மிசேர் வீட்டில் அவருக்கு நாற்காலி போடுவார்கள். எழுதிக் கொடுத்தாயிற்று.

உங்கள் மகள் குற்றமில்லாதவள் என்றால் அன்றைக்கே வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே? குடத்தைக் கீழே வைத்துவிட்டு நடந்தாள். மடியில் கனமில்லாதவள் அப்படியா நடப்பாள்?

பாலகுரு இனி உங்கள் வீட்டுப் பக்கம் வர மாட்டான். நான் சத்தியம் வாங்கியிருக்கிறேன்.

புடவை வேண்டாம். அந்த வீட்டு நாற்றம் பிடித்த துணி என் பெட்டிக்குள் வரக்கூடாது.

ராஜாம்பாள்


உழவர்கரை
13-7-1955

சம்பந்தி அம்மாளுக்கு,

நீங்க அனுப்பின போலீஸ்காரர் பங்குனியிலயே வந்துட்டுப் போனாரு. நல்ல மனுஷன். குழியண்ட வரைக்கும் வந்தாரு, கைக்குட்டையை மூக்குல வச்சுக்கிட்டு, "ஏம்மா, செத்த மாட்டைக் காணோம்னு நான் எந்த நோட்டுல எழுதுவேன்?"னு என்னையே கேட்டாரு. மோர் குடுத்தேன். இங்க வேணாம்னு ரோட்டுக்குப் போய் நின்னு குடிச்சாரு.

நாத்தம் நாத்தம்னு எழுதறீங்க. முதல் நாப்பது நாள் நாத்தம்தான், இல்லன்னு சொல்லல. அப்புறம் மழை பேஞ்ச மண்ணு வாசனைதான். வந்து மோந்து பாருங்க.

மாடு பெரிய உருப்படி. அணிலுக்குச் செய்யறாப்பல ஓட்டைப் பானையில வச்சு எறும்புப் புத்துப் பக்கத்துல புதைக்க முடியாது. குழிக்கு அடியில ஆத்துமணல் பரப்பி, மேல மக்கின எருவும் பொலபொலன்னு மண்ணும் போட்டேன். நாய் இழுக்காம இருக்க சுத்திக் கருவமுள்ளு. வாரத்துக்கு ரெண்டு தடவை தண்ணி தெளிக்கணும். காஞ்சுட்டா புழு செத்துப்போவும், சேறாயிட்டா எலும்பு கறுத்துப்போவும். சில பேர் சீக்கிரம் ஆவட்டும்னு சுண்ணாம்பு கொட்டுவாங்க. அது சதையோட எலும்பையும் சேத்துத் தின்னுடும். கொதிக்க வச்சா கொழுப்பு எலும்புக்குள்ள இறங்கி, வருஷக்கணக்குல மஞ்சளா கசிஞ்சுக்கிட்டே இருக்கும். வாத்தியார் முதல்ல ஒரு முயலைக் கொதிக்க வச்சு, கடைசியில கஞ்சியைத்தான் கண்டாரு. அப்புறம்தான் என்னைத் தேடி வந்தாரு. அஞ்சாங்கிளாசோட நின்னவதான் நான். ஆனா இந்தத் தாலுக்காவுல முழுசா ஒரு கீரிப்பிள்ளையை எலும்பாக் கோத்துக் குடுத்தவ என்னைத் தவிர யாருன்னு கேட்டுப் பாருங்க.

நாலு குளம்பையும் நாலு கோணிப்பையில தனித்தனியாக் கட்டித்தான் புதைச்சோம், வலது இடது கலந்துடாம. வாலுக்கு ஒரு பை. கட்டினது எல்லாம் சந்திரகலா. உங்க மாட்டு மேல கோவமில்லாமத்தான் கட்டினா. நான் பக்கத்துல நின்னு பார்த்தேன். குளம்பைத் தடவித் தடவிக் கட்டினா.

இன்னொரு சேதி. நீங்க சத்தியம் வாங்கினதா எழுதின மாப்பிள்ளை, மூணு ஞாயித்துக்கிழமையா இங்க வர்றாரு. சினிமாவுக்குப் போறேன்னு உங்ககிட்ட சொல்லிட்டு வர்றாராம். முதல் தடவை வாசல்லயே நின்னு எம்மவளைப் பார்த்தாரு. அவ தவலையை எடுத்துக் கையில குடுத்து, "குழிக்குத் தெளிச்சுட்டு வாங்க"ன்னா. தெளிச்சாரு. அதுதான் அவங்க பேசிக்கிட்டது.

என்ன படம்னு இந்த ஞாயித்துக்கிழமை கேட்டுப் பாருங்க.

செல்வாம்பாள்


புதுச்சேரி
28-8-1955

அன்புள்ள சம்பந்தி அம்மாளுக்கு,

நலம். உங்கள் வீட்டில் எல்லோரும் நலம் என்று நினைக்கிறேன்.

நான் யோசித்துப் பார்த்தேன். ஒரு மாட்டுக்காக இரண்டு குடும்பம் இப்படி எழுதிக்கொண்டிருப்பது நன்றாக இல்லை. ஆவணி மாதம் நல்ல நாள் பார்த்து நானே வண்டி அனுப்புகிறேன். சந்திரகலா வந்துவிடட்டும். நடந்ததைப் பற்றி என் வீட்டில் யாரும் ஒரு வார்த்தை பேச மாட்டார்கள். அவளுக்கென்று தனியாக ஒரு அறை ஒழித்து வைத்திருக்கிறேன்.

ஒன்றே ஒன்றுதான் கேட்கிறேன். அந்தக் குழியை மூடிவிடுங்கள். தோண்ட வேண்டாம். சிங்காரி இருந்த இடத்திலேயே இருக்கட்டும். அதன் மேல் ஒரு தென்னம்பிள்ளை வைக்க நானே கொடுத்தனுப்புகிறேன்.

தயவுசெய்து தோண்ட வேண்டாம்.

ராஜாம்பாள்


உழவர்கரை
4-9-1955

சம்பந்திக்கு,

முதல் தடவையா நீங்க சம்பந்தின்னு எழுதியிருக்கீங்க. படிச்சு முடிச்சதும் திரும்ப முதல்லேர்ந்து படிச்சேன்.

எம்மவளைக் கூட்டிக்கிட்டுப் போறேன்னு சொல்றவங்க குழியைப் பத்தி ரெண்டு தடவை எழுத மாட்டாங்க. நடந்ததைப் பத்தி ஒரு வார்த்தை பேச மாட்டோம்னு சொல்றீங்க. எனக்கு வேண்டியதே அந்த ஒரு வார்த்தைதான்.

தோண்டுவேன். ஐப்பசி மழை பிடிக்கறதுக்கு முன்னாடி தோண்டுவேன். அந்தக் குழியில என்ன இருக்குதோ எனக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியும்னு இப்பதான் எனக்குத் தெரிஞ்சுது.

செல்வாம்பாள்


உழவர்கரை
11-10-1955

சம்பந்திக்கு,

முந்தாநாள் ஞாயித்துக்கிழமை தோண்டிட்டோம்.

நான், சந்திரகலா, அம்மாவாசை அண்ணன், மாப்பிள்ளை. வாத்தியாரும் நோட்டோட வந்து நின்னாரு. மம்முட்டி போடக்கூடாது, கொட்டாங்கச்சியாலதான் மண்ணை வாரணும்னு சொல்லிட்டேன். தலை முதல்ல வந்துது. கொம்பு ரெண்டும் உறை மாதிரி கழண்டு கையோட வந்துது, பிறகு கழுத்து. வேலை சுத்தமா இருந்துது, பெருமைக்குச் சொல்லல. சதைன்னு ஒரு துணுக்கு இல்ல.

விலா எலும்பு பக்கத்துக்குப் பதிமூணு. இடப்பக்கம் அஞ்சாவதுக்கும் ஆறாவதுக்கும் நடுவுல, நெஞ்சுக்குழிகிட்ட, மாப்பிள்ளை விரல்ல ஏதோ தட்டுப்பட்டுது. மண்ணை ஊதினாரு. கம்பி. துருப்பிடிச்ச இரும்புக் கம்பி, ஒரு சாண் நீளம். ஒரு முனை கொக்கியா வளைஞ்சிருக்குது. இன்னொரு முனை அறுந்திருக்குது.

மாப்பிள்ளை அதைக் கையில வச்சுக்கிட்டு குழிக்குள்ளயே உக்காந்துட்டாரு. அப்புறம் சொன்னாரு, "இது எங்கப்பா கொண்டாந்த கம்பி அத்தை."

அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். போன வருஷம் ஐப்பசியில கொடி மாறின அன்னைக்கு ஊரெல்லாம் கயித்துல தோரணம் கட்டினாங்க. கயிறு தொங்கிப்போவும், எங்க வீட்டுத் தோரணம் விறைப்பா நிக்கணும்னு நீங்க சொல்லி, உங்க வீட்டுக்காரர் வேலை நடக்கிற இடத்துலேர்ந்து கம்பி கொண்டாந்தாராம். சாணுக்கு ஒரு கொக்கி வளைச்சு, மாவிலையும் தென்னங்குருத்தும் மாட்டினீங்களாம். மறுநாள் அவுத்ததைத் தொட்டியில போட்டீங்களாம். நல்ல காரியத்துத் தோரணத்தை மாட்டுக்குப் போடறது வழக்கம்தான். நானும் போடுவேன். நான் கட்டறது கயிறு.

வாத்தியார் மாட்டு டாக்டர் ஒருத்தரைக் கேட்டுட்டு வந்து சொன்னாரு. கம்பி தின்ன மாடு உடனே சாவாதாம். கம்பி கொஞ்சம் கொஞ்சமா நெஞ்சுக்கு நகருமாம். மூணு மாசம், நாலு மாசம் படுக்க முடியாம நின்னுக்கிட்டே இளைச்சு, முனகி, கடைசியில விழுமாம். சிங்காரி அப்படித்தான் விழுந்துதுன்னு மாப்பிள்ளை சொன்னாரு.

கம்பி உள்ள போனது ஐப்பசியில. எம்மவ உங்க வீட்டுப் படியேறினது தை மாசம்.

இதுக்கு மேல நான் என்ன எழுதட்டும்?

செல்வாம்பாள்


புதுச்சேரி
17-10-1955

செல்வாம்பாள் அம்மாளுக்கு,

கம்பி எல்லா ஊர் மண்ணிலும்தான் கிடக்கும். உங்கள் கொல்லையில் கிடந்த கம்பியை என் மாட்டின் நெஞ்சில் கண்டேன் என்று சொன்னால் நான் நம்ப வேண்டுமா?

என் மகனுக்கு என்ன மருந்து வைத்தீர்கள்? எட்டு நாளாக என் கையால் சாப்பிடவில்லை. தட்டைப் பார்க்கிறான், என்னைப் பார்க்கிறான், எழுந்து போகிறான்.

ராஜாம்பாள்


உழவர்கரை
20-11-1955

சம்பந்திக்கு,

உங்க மகன் உங்க கையால சாப்பிடலன்னு எழுதியிருந்தீங்க. எம்மவ கையால மோர் வாங்காமப் போனாளே ஒருத்தி, அவளை நினைச்சுக்கிட்டேன். இப்ப உங்களுக்கும் தெரியுது பாருங்க, ஒருத்தர் நம்ம கையைப் பார்த்துட்டு எழுந்து போனா எப்படி இருக்கும்னு. எனக்கு அன்னைக்கு ராத்திரி நல்லா தூக்கம் வந்துது. மறைக்க மாட்டேன்.

எலும்பெல்லாம் தொட்டியில ஊறுது. நாளுக்கொரு தடவை தண்ணி மாத்தறோம். சலவைச் சோடா போட்டுக் கழுவி, நிழல்ல காய வைக்கிறோம். உச்சி வெயில்ல வச்சா வெடிச்சுப்போவும். கம்பியை மட்டும் கழுவல. துருவோட அப்படியே இருக்குது.

என் கொல்லையில கம்பி கிடந்துதுன்னு எழுதறீங்க. சரி. ஆறாவது விலா எலும்புல உள்பக்கமா, கம்பி உரசின இடத்துல துரு ஏறியிருக்குது. தேய்ச்சும் போவல. அந்த இடத்துல எலும்பு ஒரு நெல்லு கனத்துக்குத் தடிச்சு வளர்ந்திருக்குது. செத்த மாட்டுக்கு எலும்பு வளருமா? வாத்தியார் படம் வரைஞ்சு வச்சிருக்காரு. வந்து விரலை வச்சுப் பாருங்க. உங்க வீட்டுக்காரரையும் கூட்டிக்கிட்டு வாங்க, கம்பி யாரோடதுன்னு அவருக்குத் தெரியும்.

தை பத்தாம் தேதி திங்கக்கிழமை, பொங்கல் லீவு முடிஞ்சு பள்ளிக்கூடம் திறக்கற அன்னைக்கு, சிங்காரியை நிறுத்தறோம். கம்பியை விலாவுக்கு நடுவுல, இருந்த இடத்துலயே நூல்ல கட்டித் தொங்கவிடப் போறேன். பலகையில என்ன எழுதறதுன்னும் முடிவு பண்ணிட்டேன். "ராஜாம்பாள் வீட்டுப் பசு. தோரணக் கம்பி தின்று செத்தது. பழி மருமகள் மேல்."

அதுக்கு முன்னாடி எத்தனையோ வெள்ளிக்கிழமை இருக்குது. குழாயடியும் அங்கேயேதான் இருக்குது.

செல்வாம்பாள்


புதுச்சேரி
2-1-1956

சம்பந்திக்கு,

இந்தக் கடிதத்தோடு காகிதத்தில் சுற்றி ஒன்று வைத்திருக்கிறேன். பிரிக்கும்போது கை கிழிக்கும், பார்த்துப் பிரியுங்கள்.

அது உங்களிடம் இருக்கிற கம்பியின் மறுபாதி.

தோரணத்தை அவிழ்த்துத் தொட்டியில் போட்டது நான்தான். இலையை உருவிவிட்டுப் போட்டிருக்க வேண்டும். வீட்டில் விருந்தாளி. அப்படியே சுருட்டிப் போட்டுட்டேன். திரும்பி வந்து பார்த்தா சிங்காரி வாயோரத்துல கம்பி தொங்குது. ஓடிப்போய்ப் பிடிச்சு இழுத்தேன். அது தலையை உதறுச்சு. பாதி அறுந்து என் கையில வந்துது. மீதி உள்ள போயிடுச்சு.

யார்கிட்டயும் சொல்லல. அது பாட்டுக்கு அசை போட்டுச்சு, பால் குடுத்துச்சு, ஒண்ணும் ஆவாதுன்னு நினைச்சேன். கார்த்திகை கடைசியில படுக்கறதை நிறுத்திடுச்சு. முன்னங்காலை அகட்டி வச்சுக்கிட்டு நின்னுக்கிட்டே இருக்கும். நான் போய்க் கழுத்தைத் தடவினா முனகும். வைத்தியர் கஷாயம் குடுத்தாரு. எதனாலன்னு அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். தெரிஞ்சும் பக்கத்துல நின்னு கஷாயத்தைப் புகட்டினேன். சொன்னா, நீதானே கம்பி வேணும்னேன்னு எங்க வீட்டுக்காரரு கேப்பாரு. தெருவே கேக்கும். கொடி மாறின அன்னைக்கு எங்க தோரணத்தைத்தான் எல்லாரும் நின்னு பார்த்துட்டுப் போனாங்க சம்பந்தி.

அது செத்த அன்னைக்குக் குழாயடியில எல்லாரும் சுத்தி நின்னு எப்படிச் செத்துது எப்படிச் செத்துதுன்னு கேட்டாங்க. ஏதாவது சொல்லணும். எலும்பு எடுக்கற வீட்டுப் பொண்ணு, வந்து ஒரு மாசம்கூட ஆகல, ஊர் உடனே நம்பும். அது எனக்குத் தெரிஞ்சுதான் சொன்னேன். வாய் தவறி வரல. திரும்பிப் பார்த்தப்ப அவ நின்னுக்கிட்டிருந்தா. அவ முகத்தைப் பார்த்தும் நான் நிறுத்தல. நீங்க எழுதினது உண்மை.

கம்பியை ஏன் வீசலன்னு கேக்காதீங்க. பதினாலு மாசமா அரிசிப் பானைக்குள்ள வச்சிருந்தேன்.

பலகையில் என் பேரைப் போடாதீர்கள். என் மகள் வரலட்சுமியைப் பெண் பார்க்க மாசியில் வருகிறார்கள். வேறு எது சொன்னாலும் செய்கிறேன்.

ராஜாம்பாள்


உழவர்கரை
8-1-1956

சம்பந்திக்கு,

ரெண்டு முனையையும் சேத்து வச்சுப் பார்த்தேன். பொருந்துது.

உங்க கடிதத்தை சந்திரகலாகிட்ட குடுத்தேன். படிச்சா. மடிச்சுக் குடுத்துட்டு எலும்பு கோக்கப் போயிட்டா. "உன் மாமியார் ஒத்துக்கிட்டாடி, இனிமே என்ன செய்யட்டும் சொல்லு"ன்னு பின்னாலயே போனேன். "அம்மா, இந்த முட்டி எலும்பைக் கொஞ்சம் பிடி"ன்னா. பிடிச்சுக்கிட்டு நின்னேன். அவ்வளவுதான் எனக்குக் கிடைச்ச பதில்.

பலகையை அவளே எழுதிட்டா. என்னைக் கேக்கல. "பசு. பெயர் சிங்காரி. வயது ஒன்பது. இறந்த காரணம் இரும்புக் கம்பி." அதுல உங்க பேரும் இல்ல, அவ மேல போட்ட பழியும் இல்ல. நான் கத்தினேன். எட்டு மாசம் எதுக்குத் தண்ணி தெளிச்சேன்னு கேட்டேன். "பலகை மாட்டுக்கு வைக்கறதும்மா, மாமியாருக்கு இல்ல"ன்னு சொல்லிட்டா. பெத்த மகளே கையைக் கட்டிப்போட்டுட்டா. அதனால பலகையில தப்பிச்சீங்க. அவளாலதான் தப்பிச்சீங்க, என்னால இல்ல. ஞாபகம் வச்சுக்குங்க.

மாப்பிள்ளை கதிர்காமத்துல ஒரு வீடு பார்த்துட்டாரு. தையிலேயே குடி போறாங்க. உங்க வீட்டுக்கும் வர மாட்டாங்களாம், என் வீட்டுலயும் இருக்க மாட்டாங்களாம். இந்தச் சேதியை எனக்கும் கடைசியிலதான் சொன்னாங்க.

குடி போற இடத்துலயும் அக்கம்பக்கம் இருக்குது. மோர் கேட்டு ஒருத்தி வருவா. அரளி வச்சவ இவதான்னு அவ காதுல விழறதுக்கு முன்னாடி அது பொய்னு விழணும். அதுக்கு ஒரே ஆள்தான் இருக்கீங்க. நீங்க அழுது எழுதின கடிதம் எனக்கு வேணாம். அதை நான் யாருக்கும் காட்டப் போறதில்ல. நீங்க சொன்ன இடத்துல, சொன்ன வாயால சொல்லுங்க.

வர்ற வெள்ளிக்கிழமை. மாசிக்கு முன்னாடியே சொல்லிடறது வரலட்சுமிக்கும் நல்லது. பொண்ணு பார்க்க வர்றவங்களுக்கு வேற யாராவது சொல்றதைவிட நீங்க சொல்றது மேல்.

செல்வாம்பாள்


புதுச்சேரி
13-1-1956

சம்பந்திக்கு,

சொல்லிவிட்டேன்.

இன்றைக்குப் போகி என்பது உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. வீடு கழுவத் தண்ணீர் வேண்டும் என்று குழாயடியில் எப்போதையும்விடக் கூட்டம். நான் குடத்தை வரிசையில் வைத்துவிட்டு மேடை மேல் ஏறி நின்றேன். "எல்லாரும் கேளுங்க, போன மாசியில் என் மருமகளைப் பற்றி நான் ஒன்று சொன்னேன், அது" என்று ஆரம்பித்தேன். குழாயில் தண்ணீர் வந்துவிட்டது. அவ்வளவுதான். ஒருத்தி மேல் ஒருத்தி விழுந்து குடத்தை நுழைக்கிறார்கள். நான் நிறுத்தவில்லை. கம்பியைச் சொன்னேன், தோரணத்தைச் சொன்னேன், அவள் மேல் பழி போட்டது நான் என்றும் சொன்னேன். கத்தித்தான் சொன்னேன். பக்கத்தில் நின்ற கண்ணகியும் இன்னும் இரண்டு பேரும் கேட்டார்கள். கண்ணகி குடத்தைக் கீழே வைத்துவிட்டு வாயில் கை வைத்துக்கொண்டாள். ஒருத்தி, "அதுக்கென்ன இப்போ, நகரு, என் முறை" என்றாள்.

என் குடம் நிரம்பவில்லை. வெறும் குடத்தோடு வந்தேன். வீட்டுக்காரர் வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

நீங்கள் கேட்டதைச் செய்துவிட்டேன். இனி எனக்கும் உங்களுக்கும் தீர்ந்தது.

ராஜாம்பாள்


உழவர்கரை
16-1-1956

சம்பந்திக்கு,

நீங்க பொய் சொன்னப்ப கேட்டவங்க பதினாலு பேர். உண்மை சொன்னப்ப கேட்டவங்க மூணு பேர். தீரல.

இந்த வெள்ளிக்கிழமை மறுபடியும் சொல்லுங்க. நானும் குடத்தோட வந்து வரிசையில நிக்கறேன். சந்திரகலாவையும் கூட்டிக்கிட்டு வருவேன், போன மாசியில நின்ன இடத்துலயே நிப்பா.

தண்ணி வர்றதுக்கு முன்னாடி ஆரம்பிங்க.

செல்வாம்பாள்